கணிப்பொறிக்கு வந்த நோய்களும் கண்ட மருந்துகளும்

ஊர்த் திருவிழாவில் பந்தலைச் சுற்றிக் கட்டும் சீரியல் விளக்குகளைப் பார்த்திருப்பீர்கள். சின்னஞ்சிறு பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் கோக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்று பழுதாகிவிட்டால் போதும், அந்தச் சரம் முழுவதுமே அணைந்துவிடும். விளக்குப் போடுபவர் ஒவ்வொரு பல்பாகக் கழற்றிப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பார். ஒரு சரத்தில் 20 பல்புகள் இருந்தால் சமாளித்துவிடலாம். 18,000 பல்புகள் இருந்தால்?

இந்தக் கேள்வியைத்தான் 1943-ஆம் ஆண்டில் மின்னணுக் கணிப்பொறி கட்ட முனைந்தவர்கள் எதிர்கொண்டார்கள். கணிப்பொறியின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதன் வேகம் எவ்வாறு பெருகிற்று, உருவம் எவ்வாறு சுருங்கிற்று என்றே சொல்வது வழக்கம். அதற்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஆயிரக்கணக்கான உறுப்புகள் கொண்ட ஒரு பொறி, அவற்றுள் எது வேண்டுமானாலும் எந்த நொடியும் பழுதாகலாம் என்ற நிலையில், எவ்வாறு நம்பத்தக்க விடையைத் தருகிறது? அந்த வரலாற்றையே இக்கட்டுரையில் காண்போம்.

இருவகைப் பொறிகள்

கணிப்பொறிகளை இரு பெரும் பிரிவாகப் பிரிக்கலாம். ஒன்று ஒப்புமைக் கணிப்பொறி. எண்ணுக்குப் பதிலாக ஒரு நீளத்தையோ, சுழற்சியையோ, மின்னழுத்தத்தையோ அது எடுத்துக்கொள்ளும். பொறியியல் மாணவர்கள் ஒரு காலத்தில் சட்டைப்பையில் வைத்திருந்த ஸ்லைடு ரூல் இதன் எளிய உறவினர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வன்னெவர் புஷ் என்பவர் 1931-இல் முடித்த வகைக்கெழுப் பகுப்பான் இவ்வகையைச் சேர்ந்த பெரும்பொறி.

மற்றொன்று இலக்கக் கணிப்பொறி. இது எண்ணை எண்ணாகவே கொள்கிறது. மின்துடிப்பு உண்டு அல்லது இல்லை. 1 அல்லது 0. இன்று நாம் பயன்படுத்தும் கணிப்பொறிகள் அனைத்தும் ஏறக்குறைய இவ்வகையே. உள்ளீட்டுப் பகுதி, நினைவகம், கணக்கிடும் பகுதி, இவற்றை ஆளும் கட்டுப்பாட்டுப் பகுதி, வெளியீட்டுப் பகுதி ஆகிய ஐந்தும் இதன் உறுப்புகள்.

நோய் என்று வரும்போது இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். ஒப்புமைப் பொறியில் ஒரு பற்சக்கரம் சற்றுத் தேய்ந்தால் விடையும் சற்றே பிசகும். 100 என்பது 99.8 ஆகலாம். இலக்கப் பொறியில் அப்படியன்று. ஒரே ஒரு துடிப்பு தவறினாலும், அது முன்னணி இலக்கத்தில் தவறினால் இலட்சம் பூச்சியமாகிவிடும். நோய் வராதவரை இலக்கப் பொறி மிகத் துல்லியமானது. வந்துவிட்டாலோ சிறிய நோய், பெரிய நோய் என்ற பேதமே அதற்கு இல்லை.

பதினெட்டாயிரம் குழல்கள்

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மூர் பொறியியல் பள்ளியில் எனியாக் என்ற கணிப்பொறி உருவாயிற்று. இதைத் திட்டமிட்டவர்கள் ஜான் மாக்லி என்ற இயற்பியல் ஆசிரியரும், பிரெஸ்பர் எக்கெர்ட் என்ற இளம் பொறியாளரும் ஆவர். பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணக்கிடுவதற்காக இராணுவம் இதற்குப் பணம் தந்தது. 1946 பிப்ரவரியில் இப்பொறி உலகுக்கு அறிமுகமாயிற்று. எடை சுமார் 30 டன். நொடிக்கு 5,000 கூட்டல்கள் செய்யும். இதில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. பழைய வானொலிப் பெட்டிகளில் செந்நிறமாக ஒளிர்ந்த வால்வுகளே இவை.

நாம் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குழலின் சராசரி ஆயுள் 3,000 மணி என்று வைத்துக்கொள்வோம். வானொலிப் பெட்டியில் ஐந்து குழல்கள் இருந்தால், சராசரியாக 600 மணிக்கு ஒரு முறை பழுது வரும். நாள்தோறும் நான்கு மணி நேரம் பாட்டுக் கேட்பவருக்கு அது ஐந்து மாதத்திற்கு ஒரு தொல்லை. 18,000 குழல்கள் இருந்தால்? 3,000-ஐ 18,000-ஆல் வகுத்தால் ஆறில் ஒரு மணி. அதாவது பத்து நிமிடத்துக்கு ஒரு பழுது! பழுதைத் தேடிக் கண்டுபிடிக்கவே பத்து நிமிடம் போதாது. அப்படியானால் இப்பொறி ஒருநாளும் வேலை செய்யப் போவதில்லை. எனியாக் வெற்றி பெறாது என்று ஐயுற்ற அறிஞர்கள் இத்தகைய கணக்கையே மனத்தில் வைத்திருந்தனர்.

எக்கெர்ட் இக்கணக்கை மறுக்கவில்லை. ஆனால் ஒரு குழலின் ஆயுள் இயற்கை விதித்தது அன்று. நாம் அதை நடத்தும் விதத்தைப் பொறுத்தது என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே குழலின் இழைக்கு உரிய மின்னழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாகவே கொடுத்தார். ஒவ்வோர் உறுப்பையும் அது தாங்கக்கூடிய அளவுக்கு வெகு கீழே வேலை வாங்கினார். உறுப்புகளின் அளவு ஓரளவு மாறினாலும் சுற்று பிசகாமல் இயங்குமாறு வடிவமைத்தார். பழுதான பகுதியை அப்படியே உருவி எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகும் வகையில் பல பகுதிகளைத் தனித்தனிக் கூடுகளாக அமைத்தார்.

வெப்பம் மற்றொரு பகைவன். எனியாக் சுமார் 150 கிலோவாட் மின்திறனை விழுங்கிற்று. ஓர் அறைக்குள் ஒரு கிலோவாட் மின்னடுப்புகள் 150 எரிவதாக எண்ணிப் பாருங்கள். ஆகவே பெரிய ஊதுகருவிகள் இடைவிடாமல் காற்றைச் செலுத்தின. வெப்பம் அளவுக்கு மிஞ்சினால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் அமைப்பும் இருந்தது.

எலிகூட மறக்கப்படவில்லை! மின்கம்பியின் மேலுறையை எலிகள் கடித்துவிடுமே என்று, கிடைத்த கம்பி வகைகளையெல்லாம் எலிக்கூண்டில் போட்டுப் பார்த்து, எலிகள் விரும்பாத உறை கொண்ட கம்பியையே பயன்படுத்தியதாக எக்கெர்ட் பின்னாளில் கூறியிருக்கிறார்.

அணைக்காதே என்ற பாடம்

குழல்கள் எப்போது அதிகம் பழுதாகின்றன? ஓடிக்கொண்டிருக்கும்போது அன்று. பொறியை இயக்கும்போதும் நிறுத்தும்போதுமே அவை பெரிதும் பழுதாயின. குளிர்ந்த இழை திடீரெனச் சூடேறுகிறது, உலோகம் விரிவடைகிறது. அணைத்தால் சுருங்குகிறது. இவ்விரிவும் சுருக்கமும் திரும்பத் திரும்ப நிகழும்போது உலோகம் சோர்ந்துவிடுகிறது. கம்பியை இங்குமங்கும் வளைத்து ஒடிப்பது போலத்தான் இது.

இந்த உண்மையை இங்கிலாந்தில் டாமி ஃபிளவர்ஸ் என்ற பொறியாளர் முன்பே அறிந்திருந்தார். அவர் அஞ்சல் துறையின் ஆராய்ச்சி நிலையத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்கான மின்னணுச் சுற்றுகளை உருவாக்கியவர். அணைக்காமல் விட்ட குழல்கள் நெடுங்காலம் உழைப்பதை அங்கே கண்டிருந்தார். அந்தத் துணிவில்தான் ஜெர்மானியரின் இரகசியச் செய்திகளை உடைப்பதற்காக சுமார் 1,600 குழல்கள் கொண்ட கொலோசஸ் என்ற பொறியைக் கட்டினார். 1944-இல் அது பிளெட்ச்லி பார்க்கில் வேலை தொடங்கிற்று. போர் இரகசியம் காரணமாக 1970-கள் வரை அவருடைய சாதனையை உலகம் அறியவில்லை.

எனியாக் குழுவினரும் பொறியைக் கூடியவரை அணைக்காமல் வைத்திருக்கும் முறையைக் கைக்கொண்டனர். 1948-க்குப் பிறகு நம்பகமான புதுவகைக் குழல்களும் கிடைத்தன. பழுது இரண்டு நாளைக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தது. 1954-இல் தொடர்ந்து 116 மணி நேரம் பழுதின்றி இப்பொறி ஓடிற்று. இதன் பொருளை நம் கணக்கிலேயே பாருங்கள். 48 மணிக்கு ஒரு பழுது என்றால், 48-ஐ 18,000-ஆல் பெருக்க வேண்டும். 8,64,000 மணி வருகிறது. ஏறக்குறைய 99 ஆண்டுகள்! எந்தத் தனிக் குழலும் 99 ஆண்டு உயிர் வாழும் என்று இதற்குப் பொருளில்லை. ஓடிக்கொண்டிருக்கும் குழல்கள் அவ்வளவு அரிதாகவே பழுதாயின என்பதே பொருள். நன்கு பேணினால் சாதாரண உறுப்பும் எந்த அளவுக்கு உழைக்கும் என்பதற்கு இது சான்று.

நோயைக் கண்டறிந்தவர்கள்

பழுது குறைந்தாலும் அறவே ஒழியவில்லை. வந்த பழுதைக் கண்டுபிடிப்பவர் யார்? எனியாக்கில் கணக்குகளை அமைக்கும் பணியில் ஆறு பெண்கள் ஈடுபட்டிருந்தனர். கே மக்நல்டி, பெட்டி ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன் என்போர் அவர்கள். அவர்களுக்குப் பாடநூல் எதுவும் இருக்கவில்லை. சுற்று வரைபடங்களைப் படித்தே பொறியைக் கற்றார்கள். விடை எங்கே பிசகுகிறது என்று பின்னோக்கித் தேடி, பழுது ஏறக்குறைய எந்தக் குழலில் உள்ளது என்பது வரை சுட்டிக்காட்டும் திறன் அவர்களுக்கு வாய்த்தது. பல்லாண்டுகள் இவர்களை யாரும் பேசவில்லை. 1997-இல்தான் தொழில்நுட்பத் துறைப் பெண்களுக்கான புகழ் மன்றத்தில் இவர்களுக்கு இடம் கிடைத்தது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 பொறியில் நேர்ந்த நிகழ்ச்சி வேடிக்கையானது. அது குழல்களால் ஆனதன்று. மின்காந்தத்தால் இழுக்கப்படும் ரிலேக்களால் ஆனது. 1947 செப்டம்பர் 9 அன்று பொறி பிசகவே, 70-ஆம் எண் ரிலேயைத் திறந்து பார்த்தனர். தொடுமுனைகளுக்கு இடையே ஒரு விட்டில்பூச்சி சிக்கியிருந்தது! அதை எடுத்துப் பணிக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். அக்குறிப்பேடு இன்றும் அமெரிக்கத் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆங்கிலத்தில் பழுதைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் இதிலிருந்தே பிறந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. எடிசன் 1878-லேயே அச்சொல்லை ஆண்டிருக்கிறார். மெய்யான பூச்சியே அகப்பட்டதால்தான் ஹார்வர்டுக்காரர்கள் அதை ஒரு நகைச்சுவையாகக் குறித்து வைத்தார்கள்.

தன்னைத் தானே திருத்தும் எண்கள்

பெல் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்டு ஹாமிங் என்ற கணித அறிஞர் பணியாற்றினார். வார இறுதியில் ரிலே கணிப்பொறியில் அவர் தம் கணக்கை ஏற்றிவிட்டுச் செல்வார். பிழை நேர்ந்ததை அப்பொறியால் உணர முடியும். ஆனால் திருத்த முடியாது. ஆள் இல்லாத வேளையில் அக்கணக்கைக் கைவிட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். பிழை இருக்கிறது என்று பொறியால் அறிய முடியுமானால், எங்கே இருக்கிறது என்றும் ஏன் அறிய முடியாது என்று அவர் சிந்தித்தார்.

இதன் சாரத்தை நீங்களே ஒரு தாளில் செய்து பார்க்கலாம். முதல் வரியில் 1 0 1, இரண்டாம் வரியில் 0 1 1, மூன்றாம் வரியில் 1 1 1 என்று எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் எத்தனை 1 உள்ளன என்று எண்ணுங்கள். இரட்டைப்படையாயின் 0, ஒற்றைப்படையாயின் 1 என்று வரியின் முடிவில் குறியுங்கள். முறையே 0, 0, 1 வரும். மேலிருந்து கீழாகவும் அவ்வாறே எண்ணி அடியில் குறியுங்கள். அங்கும் 0, 0, 1 வரும். இப்போது நண்பர் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, ஒன்பது இலக்கங்களுள் ஒன்றை மாற்றச் சொல்லுங்கள். அவர் நடுவில் உள்ள 1-ஐ 0 ஆக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் வரியின் குறியும் இரண்டாம் நிரலின் குறியும் பொருந்தாமல் போகும். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் திருடன் இருக்கிறான்! 0 தவறு என்றால் சரியானது 1 தானே? இலக்கம் இரண்டே என்பதால், பிழையின் இடம் தெரிந்தாலே திருத்தமும் தெரிந்துவிடுகிறது.

ஹாமிங் 1950-இல் வெளியிட்ட முறை இதனினும் சிக்கனமானது. நான்கு இலக்கங்களைக் காக்க மூன்று காவல் இலக்கங்களே அதற்குப் போதும். உறுப்பு பழுதாகாமல் காப்பது ஒரு வழி. பழுதானாலும் விடை கெடாமல் காப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழிக்கு ஹாமிங் கதவைத் திறந்தார்.

நம் நாட்டில்

இந்தியாவுக்கு வந்த முதல் இலக்கக் கணிப்பொறி, 1955-56 ஆண்டுகளில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அமைந்தது. அது இங்கிலாந்திலிருந்து வாங்கப்பட்டது. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் வேறு வழியை மேற்கொண்டனர். ஆர். நரசிம்மன் தலைமையில் தாங்களே ஒரு பொறியைக் கட்டினர். 1956-இல் ஒரு முன்மாதிரியைச் செய்து பழகி, 1960-இல் முழுப்பொறியை இயக்கிவிட்டனர். அதில் 2,700 வெற்றிடக் குழல்கள், 1,700 ஜெர்மானியம் டயோடுகள், 12,500 மின்தடைகள் இருந்தன. 1962-இல் அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டப்பட்டது. அதே காலத்தில் வெளிநாடுகளில் டிரான்சிஸ்டர் கணிப்பொறிகள் வந்துவிட்டதால், பிறக்கும்போதே அது பழமையடைந்துவிட்டது என்று கூறுவாருண்டு. ஆயினும் தானே கட்டியவனுக்குத்தான் பழுது பார்க்கத் தெரியும். அந்த அறிவு பழமையடையவில்லை.

இதன் அருமை 1978-இல் விளங்கிற்று. அன்னிய நிறுவனங்கள் தங்கள் பங்கு மூலதனத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டத்துக்கு உடன்படாமல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. ஆனால் நாடெங்கும் இருந்த அதன் கணிப்பொறிகள் வெளியேறவில்லை! அவற்றை யார் பேணுவது? பழுது பார்க்க ஆளில்லாவிட்டால், கோடிக்கணக்கில் விலை மதிப்புள்ள பொறி அலமாரிக்குச் சமம். இந்திய அரசு 1975-லேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. அதன் பெயரே கணிப்பொறிப் பராமரிப்புக் கழகம். சி.எம்.சி. என்று பின்னாளில் புகழ்பெற்றது இதுவே. ஐ.பி.எம். விட்டுச்சென்ற பொறிகளைப் பேணும் பொறுப்பை அது ஏற்றது. கணிப்பொறித் துறையில் இந்தியப் பொறியாளர் பலருக்கு முதற்பள்ளி இந்தப் பராமரிப்புப் பணியாகவே அமைந்தது.

சில்லுக்கும் நோயுண்டு

1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டருக்கு இழை இல்லை; எனவே சூடேறி எரிந்துபோக எதுவும் இல்லை. ஆனால் பல்லாயிரம் டிரான்சிஸ்டர்களைப் பற்றவைத்து இணைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பற்றவைப்பும் ஒரு பலவீனமான இடம். 1958-இல் ஜாக் கில்பி செய்து காட்டிய தொகுப்புச் சுற்று இத்தொல்லையை நீக்கிற்று. அடுத்த ஆண்டு ராபர்ட் நாய்ஸ் அதைப் பெருமளவில் தயாரிக்கத்தக்க வடிவில் அமைத்தார். உறுப்புகளும் இணைப்புகளும் ஒரே சில்லில் அமைந்தன. 1971-இல் வெளிவந்த இன்டெல் 4004 என்ற நுண்செயலியில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. டிஃப்ராக்கின் குழல்களுக்கு ஏறக்குறைய ஈடான எண்ணிக்கை விரல்நகத்தைவிடச் சிறிய சில்லில் அடங்கிவிட்டது!

இதனால் கணிப்பொறியின் இனங்களும் பெருகின. குளிரூட்டிய தனி அறையில், பொறியாளர் காவலில் வாழ்ந்தது பெருங்கணிப்பொறி. ஆய்வுக்கூடத்தின் மூலையில் இடம் பிடித்தது 1960-களின் சிறுகணிப்பொறி. மேசைமேல் வந்து அமர்ந்தது 1970-களின் நுண்கணிப்பொறி. இன்று சட்டைப்பையிலும் ஒன்று இருக்கிறது.

இனி நோய் ஒழிந்தது என்று எண்ணிய வேளையில் புதியதொரு நோய் வந்தது. நினைவகச் சில்லுகளில் சில நேரம் ஓர் இலக்கம் காரணமின்றி மாறிப்போயிற்று. சில்லைச் சோதித்தால் குறை எதுவுமில்லை. இன்டெல் நிறுவனத்தின் டிமதி மே என்ற இயற்பியலாளர் 1978-இல் மர்மத்தை விடுவித்தார். சில்லை மூடியிருந்த பீங்கான் உறையில் யுரேனியமும் தோரியமும் மிக நுண்ணிய அளவில் கலந்திருந்தன. அவற்றிலிருந்து பாயும் ஆல்ஃபா துகள் சில்லைத் துளைக்கும்போது எலெக்ட்ரான்களை விடுவித்து, 1-ஐ 0 ஆக்கியோ 0-ஐ 1 ஆக்கியோ விடுகிறது. நினைவகக் கூறுகள் அவ்வளவு சிறிதாகிவிட்டன! அண்டக் கதிர்களும் இதே வேலையைச் செய்கின்றன. தூய்மையான உறை இதற்கு ஒரு மருந்து. ஹாமிங்கின் காவல் இலக்கங்கள் மற்றொரு மருந்து. இன்றும் முக்கியமான கணிப்பொறிகளின் நினைவகங்களை அவர் வழிவந்த முறைகளே காத்து வருகின்றன.

நாம் செய்யக்கூடியவை

பெருங்கணிப்பொறிக்கு மருத்துவர்கள் இருந்தார்கள். நம் வீட்டு மேசைமேல் உள்ளதற்கு நாமே மருத்துவர். பகைவர்கள் எனியாக் காலத்தவர்களே. முதலாவது வெப்பம். காற்றுப் புகும் துளைகளை அடைக்காதீர்கள். விசிறியிலும் உலோகத் தகடுகளிலும் படியும் தூசி, கணிப்பொறிக்குக் கம்பளி போர்த்தியதற்குச் சமம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அதை அகற்றுங்கள். இரண்டாவது மின்சாரம். நல்ல எர்த் இணைப்பு அவசியம். பெட்டிக்குள் கை வைக்கும் முன் தரையோடு இணைந்த உலோகம் ஒன்றைத் தொட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்த நாளில் நடந்து வரும் நம் உடலில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிலைமின்னழுத்தம் சேரக்கூடும். நமக்கு அது ஒரு சுருக்கென்ற உணர்ச்சி. சில்லுக்கோ மரண அடி. மூன்றாவது, சேமிப்பு. சுழலும் வட்டானாலும் சில்லானாலும் ஒருநாள் பழுதாகியே தீரும். வேண்டிய கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் ஒரு பிரதி வைப்பதே மிக மலிவான மருந்து.

இறுதியாக ஒரு செய்தி. 1977-இல் புறப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் சூரியக் குடும்பத்தின் கோள்களையெல்லாம் கடந்து சென்றுவிட்டது. 2023 நவம்பரில் அது அனுப்பிய செய்திகள் பொருளற்றவையாக மாறின. பூமியிலிருந்தே ஆராய்ந்த பொறியாளர்கள், கணிப்பொறி நினைவகத்தின் ஒரு பகுதியைத் தாங்கும் ஒரு சில்லு பழுதாகிவிட்டது என்று கண்டனர். சில்லை மாற்ற முடியாது. கலம் அப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ரேடியோச் செய்தி போய்ச்சேரவே 22½ மணி நேரம் ஆயிற்று. ஆகவே அங்கிருந்த கட்டளைகளைத் துண்டு துண்டாக்கி, நினைவகத்தின் வேறு இடங்களில் குடியேற்றினர். 2024 ஏப்ரல் 20 அன்று கலத்தின் நலனைத் தெரிவிக்கும் செய்தி மீண்டும் தெளிவாக வந்தது.

கேட்ட மாத்திரத்தில் பழுதைத் தேடிப் பின்னோக்கிச் செல்லும் அறிவு, கெட்டதை ஒதுக்கி நல்லதைக் கொண்டு சமாளிக்கும் சாதுரியம் ஆகிய இரண்டும் 1946-இல் அந்த ஆறு பெண்களிடம் இருந்தவையே. பொறி மாறிவிட்டது, வைத்தியம் மாறவில்லை.